சாராள் காலமான விவரம்

தான் செத்துப்போன செய்தியை மதுக்கரை சாராள் ஒரு காலை நேரத்தில், பருப்புக்குக் குக்கர் வைத்துக்கொண்டிருந்தபோது கேள்விப்பட்டாள். சொன்னவள் அமெரிக்காவில் இருக்கும் மகள் லின்சி. வீடியோ காலில் சொன்னாள்.

"அம்மா, அப்பா அவரோட விசா ஃபார்ம்ல என்ன போட்டிருக்கறாருன்னு பாத்தீங்களா? நீங்க எண்பத்தி நாலுலயே போய்ச் சேந்துட்டீங்களாமா."

சாராள் கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த மாதிரிச் செய்தியை எத்தனையோ குடும்பங்களுக்கு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். தனக்கென்று வந்தபோது ஒரு நாற்காலி போடக்கூட ஆளில்லை. அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள்.

அங்கே அவள் கணவர் ஆரோக்கியதாஸ் பேப்பரில் அச்சுப்பிழை தேடிக்கொண்டிருந்தார். சிமெண்ட் ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஊரில் எவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், வாழ்த்துவதற்கு முன்னால் அதில் இரண்டு ஸ்பெல்லிங் திருத்துவார். பெற்றோர் இருவருக்கும் லின்சி கிரீன் கார்டுக்கு மனுப் போட்டபோது, அம்மாவின் படிவத்தை மகளே நிரப்பிவிட்டாள். அப்பா மட்டும், "எனக்கு எவனும் எழுதித் தர வேண்டியதில்லை" என்று தன் படிவத்தைத் தானே நிரப்பி, ஒரு தடவை ஜெபம் சொல்லி, சமர்ப்பித்தும்விட்டார்.

"ஏனுங்க, நான் எப்பங்க செத்தேன்?"

"அதுவா," என்றார் ஆரோக்கியதாஸ், பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல். "அது ஒரு டெக்னிக்கல் விசயம், சாராளு."

அந்த டெக்னிக்கல் விசயம் இதுதான். சாராள் தாராபுரத்துச் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பெண். அவர் கத்தோலிக்கர். எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்று இரு வீட்டாரும் கிறிஸ்தவ அன்போடு ஆறு மாதம் சண்டை போட்டு, கடைசியில் இரண்டிலும் கட்டினார்கள். மே மாதம் தாராபுரத்தில் ஒரு கல்யாணம், ஜூனில் கோவையில் இன்னொன்று. இரண்டாவது கல்யாணத்தை நடத்திய சாமியார், சாராள் என்ற பெயர் வெறுமையாக இருப்பதாகக் கருதி, சாரா தெரசா என்று எழுதிவிட்டார். ஆக, ஆரோக்கியதாசின் கையில் இரண்டு கல்யாணச் சான்றிதழ்கள், இரண்டு தேதிகள், இரண்டு பெண் பெயர்கள்.

"எல்லாக் கல்யாணத்தையும் சொல்லுன்னு கேட்டிருந்துச்சு. சொல்லிப்போட்டேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"சொன்னீங்க சரி. என்னய எதுக்குங்க கொன்னீங்க?"

"மொதக் கல்யாணம் எப்படி முடிஞ்சுதுன்னு கேட்டான். செத்துட்டாங்களா, டைவர்ஸா, செல்லாமப் போச்சான்னு மூணே மூணு வழிதான் வெச்சிருந்தான். டைவர்ஸு நம்ம சபையில பாவம். செல்லாதுன்னு போட்டா உங்கப்பாருக்கு அவமானம். அதனால..."

"அதனால கவுரவமா அடக்கம் பண்ணிட்டீங்க."

லின்சி போனில் காட்டிய படிவத்தில் அவள் தன் சாவுத் தேதியைப் பார்த்தாள். இரண்டாவது கல்யாணத்துக்கு முந்தின நாள். அவர் எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். ஒன்று முடிந்தால்தானே அடுத்தது தொடங்க முடியும்!

"எனக்கு நாப்பதாம் நாள் பூசைகூட வெக்காம மறுநாளே மாப்பிள்ளை ஆயிட்டீங்களாக்கும்?"

செல்போனில் இன்னும் லைனில் இருந்த லின்சிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்பா, நான் பொறந்தது எண்பத்தி ஏழு. என் பர்த் சர்டிபிகேட்ல அம்மா பேரு சாராள். செத்து மூணு வருசம் கழிச்சு எப்படிப்பா பெத்திருப்பாங்க?"

ஆரோக்கியதாஸ் முதல் தடவையாகப் பேப்பரை மடித்தார்.

மும்பையில் அமெரிக்கத் தூதரக நேர்காணலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. படிவத்தைத் திறந்து திருத்தித் தரும்படி லின்சி எழுதிக் கேட்டாள். இனித் திறக்க முடியாது, சரியான விவரத்தை ஆதாரத்தோடு கொண்டுபோய் அதிகாரியிடமே சொல்லுங்கள் என்று பதில் வந்தது. இதற்கு ஆரோக்கியதாஸ் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தார்.

"இப்பப் போய் மாத்துனா சந்தேகப்படுவாங்க. நீ ரெண்டாவது சாராளாவே இருந்துபோடு. ஒரு பத்து நிமிசந்தான."

"இத்தன வருசம் உங்களோட குடித்தனம் பண்ணுனவ ஒருத்தி. பிளேன் ஏறப்போறது வேறொருத்தியா? நான் செத்தவளாவே இருந்துக்கறேன், நீங்க அந்தத் தெரசாளக் கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுச் சாராள் பருப்பைத் தாளிக்கப் போனாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

மறுநாள் இருவரும் கோர்ட்டுக்குப் பக்கத்தில் நோட்டரி வக்கீல் சீனிவாசலுவைப் பார்த்தார்கள். சாராளும் சாரா தெரசாவும் ஒரே ஆள், அந்த ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். வக்கீல் இரண்டு சான்றிதழ்களையும் நெடுநேரம் புரட்டினார்.

"உயிரோட இருக்கறாங்கங்கறதுக்கு யாருங்க சாட்சி?"

"நாந்தானுங்க, உங்க முன்னால உக்காந்திருக்கறேன்," என்றாள் சாராள்.

"நீங்க சம்பந்தப்பட்ட பார்ட்டிங்கம்மா. வெளியாளு யாராச்சும் சொல்லோணும்."

அவள் தன் மணிக்கட்டை நீட்டினாள். "நாடி பாத்துக்கறீங்களா?" வக்கீல் அவசரமாக ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கினார்.

தாராபுரத்துப் பாஸ்டர் ஒரு கடிதம் கொடுத்தார். கோவையிலிருந்த பங்குச் சாமியார், பழைய பதிவைத் தேடி எடுத்துத்தான் எழுத முடியும், கொஞ்சம் நாளாகும் என்றார். அது வராமலேயே மும்பைக்குப் போக வேண்டியதாயிற்று.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் பெண் அதிகாரி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். ஆரோக்கியதாசுக்கு அது ரோஷமாகிவிட்டது. ஆங்கிலத்திலேயே பதில் சொல்வேன் என்றார்.

"உங்களுக்கு எத்தனை தடவை திருமணம் நடந்தது?"

"இரண்டு, மேடம். ஒருத்தியோடு."

அதிகாரி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஆரோக்கியதாஸ் மேலும் விளக்க மூச்சை இழுப்பதற்குள், சாராள் அவருக்கு முன்னால் நகர்ந்து நின்றாள். டாக்டர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "இவர் படிவத்தில் ஒரு தப்பு இருக்கிறது. நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனதாக எழுதியிருக்கும் முதல் மனைவி நான்தான். இரண்டாவது மனைவியும் நான்தான். இரண்டு கோயிலில் கல்யாணம் நடந்தது." பத்திரத்தையும் கடிதத்தையும் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.

அதிகாரி படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "விவாகரத்து என்று ஏன் போடவில்லை?" என்று ஆரோக்கியதாசிடம் கேட்டார்.

"அது பாவம், மேடம்."

சாராளுக்கு விசா உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அவள் படிவத்தில் ஒரு புருஷன், ஒரு கல்யாணம், எல்லோரும் உயிரோடு. ஆரோக்கியதாசுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். பங்குச் சாமியாரின் கடிதம் வந்த பிறகு பரிசீலிப்பார்களாம். அந்தச் சீட்டில் பிழை இருக்கிறதா என்று அவர் இரண்டு முறை படித்தார். இல்லை.

லின்சிக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டது. காத்திருக்க முடியாது. மே மாதக் கடைசியில் கோவை விமான நிலையத்தில், ஏதோ சிறு பிள்ளையை அனுப்புகிறவர் போல அவர் புத்திமதி சொன்னார். "அங்க யாராச்சும் ஃபார்ம் நீட்டுனா நீயா எழுதாத. எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு."

"ஆகட்டுங்க," என்றாள் சாராள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அப்போதுதான் அவர் கண் கலங்கியிருந்ததைக் கவனித்தாள். தன்னைக் கொன்றபோது இவர் இப்படிக் கலங்கியிருப்பாரா என்று ஒரு யோசனை ஓடியது. கேட்கவில்லை. விமானம் கிளம்பிய பிறகு, கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

நியூஜெர்சியில் பேத்தி பிறந்தாள். சாராள் குளிப்பாட்டினாள், பத்தியச் சமையல் செய்தாள், யாரும் திருத்தாத ஆங்கிலத்தில் பக்கத்து வீட்டாரோடு தாராளமாகப் பேசினாள். தினமும் அவர் போனில் கூப்பிட்டு, கடுகு எங்கே, மோட்டார் சுவிட்ச் எது என்று கேட்பார். ரசம் வைக்கப் பழகிவிட்டதாக ஒரு நாள் பெருமையடித்தார். சில நாள் அவர் கூப்பிடத் தாமதமானால் இவள் போனை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். அதை லின்சி பார்த்துவிடாதபடியும் பார்த்துக்கொள்வாள்.

செப்டம்பர் தொடக்கத்தில் அவர் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. "சாராளு! விசா வந்துருச்சு! எப்ப டிக்கெட் போடட்டும்?"

சாராள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க குளிரு தாங்க முடியலீங்க," என்றாள். "இந்தக் குளிரு போகட்டும், மெதுவா வாங்க."