பாதியில் நிறுத்த மனசு வராத பாட்டு

புதூரில் விளாத்திகுளம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே ஒரு மினி லாரி. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கொண்டுவந்த ஸ்பீக்கர்களை டிஜே முத்துராஜ் சோதித்துப் பார்க்கிறார். ஏதோ வெளிநாட்டு எலக்ட்ரானிக் இசை. ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருகிறது. வெடித்துக் கிடக்கும் கரிசல் வழியே அந்த அதிர்வு என் செருப்பில் ஏறுகிறது.

அருகில் போய், கொடைக்கு இதெல்லாம் எடுபடுமா என்று கேட்கிறேன்.

"நல்லா எடுபடும் அண்ணாச்சி. ஆடுதவன் மேல சாமி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? வந்துட்டா டக்குன்னு பாட்டை நிப்பாட்டி உறுமி மேளத்துக்கு வழிவிடணும். இதை எங்கன நிப்பாட்டினாலும் நோகாது. ஆடுதவன் காலு அதுபாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும்."

எத்தனையோ இசை விமர்சனம் படித்திருக்கிறேன். ஒரு பாட்டை இப்படி யாரும் எடைபோட்டுச் சொன்னதில்லை.

"அப்ப கிட்டார் அடிக்கிற ராக் மியூசிக் பிடிக்காதா?"

அவர் முகம் மலர்கிறது. "உசுரு அண்ணாச்சி! ஒண்ணு வச்சிருக்கேன். கிட்டார் மெதுவா ஏறி ஏறி, கடைசியிலதான் கொட்டித் தீர்க்கும். கொடையில மட்டும் போட மாட்டேன். அதைப் பாதியில நிப்பாட்ட எனக்கு மனசு வராது."

"இப்பப் போடுங்களேன்."

போடுகிறார். வெயிலுக்குள் ஒற்றைக் கிட்டார் நிதானமாக நடந்து வருகிறது. அது ஏறத் தொடங்கும்போது என் பஸ் வந்து நிற்கிறது. அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

"விளாத்திகுளம் ஏறுதவிய ஏறுங்க!" என்று கண்டக்டர் கத்துகிறார்.

முத்துராஜ் என்னைப் பார்க்கிறார். பஸ்ஸைப் போகச் சொல்லிக் கை காட்டுகிறேன்.