ஸ்டவ் ஜெக்கரியாவின் சிந்து

கூத்தாநல்லூரில் எங்கள் கவிதை, சிந்து மன்றத்துக்கு வரலாறு எழுத அரைப் பக்கம் போதும். முப்பத்தொரு உறுப்பினர்கள், முப்பது பட்டங்கள். கவிச்சுடர், கவிக்கடல், கவிப்புயல் என்று ஒருவருக்கொருவர் சூட்டிக்கொண்டோம். நான் கவித்தென்றல். நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரியாது. அதை யாரும் கேட்டதும் இல்லை.

பட்டம் இல்லாத அந்த ஒருவர் ஜெக்கரியா. கடைத்தெருவில் பம்ப் ஸ்டவ் பழுது பார்ப்பவர். ஊரில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போனபோது இவரும் கிளம்பினார். கண் சரியில்லை என்று மெடிக்கலில் கழித்துவிட்டார்கள். அதிலிருந்து ஸ்டவ்வும் சிந்தும்தான். வெள்ளமோ விபத்தோ ஊரில் நடக்கும் அக்கிரமமோ, எதுவானாலும் பாட்டாகக் கட்டிச் சாயங்காலம் கடை வாசலிலேயே பாடுவார். எங்கள் கவிஞர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கரி படிந்த கையோடு பாடுகிறவன் பாட்டைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

தொண்ணூற்று நான்கில் அவர் கட்டிய சிந்து மீரா சாகிப்பைப் பற்றியது. சவூதியில் கடை வேலை என்று சொல்லி ஏஜெண்ட் நௌஷாத் அனுப்பிவைத்த ஆள். போய் ஒன்றரை வருஷம் ஆகியும் ஒரு கடிதாசி இல்லை. அவர் மனைவி தஹ்மீனா கேட்டதெல்லாம் அவர் எந்த முதலாளியிடம் இருக்கிறார் என்ற விலாசம் ஒன்றுதான். அது கிடைத்தால் தூதரகத்துக்கு எழுதலாம். நௌஷாத் வாரம் தவறாமல் "நாளைக்கு வாங்க" என்றான். புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் அந்தப் பெண் நடையாய் நடந்தாள்.

அந்த வருஷ ஆண்டு விழாவுக்கு எங்கள் தலைவர் இராஜாங்கம் யாரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்? நௌஷாத்தைத்தான். பந்தல், மைக், பிரியாணி எல்லாம் அவன் உபயம். எங்கள் கவிதையைக் கேட்க எங்கள் வீட்டு ஆட்களே வரமாட்டார்கள் என்பதால், கூட்டம் சேர்க்க ஜெக்கரியாவையும் அழைப்பிதழில் போட்டார். ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் எழுத்தர் அல்லவா, பாட்டை முன்கூட்டியே தாளில் எழுதி வாங்கினார். நௌஷாத் பெயர் வந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, 'விதி' என்று எழுதினார். விதிக்கு விசா எடுக்கத் தெரியும் போலிருக்கிறது.

"அந்தப் பேரு உங்க வாயில வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சரிங்க. நான் சொல்லலைங்க," என்றார் ஜெக்கரியா.

எனக்கு அவர் மேல் வெறுப்பாக வந்தது. இவரும் ஒரு தட்டு பிரியாணிக்கு விலைபோய்விட்டார் என்று நினைத்தேன். என் யோக்கியதைக்கு அது பெரிய நினைப்புதான்.

விழாவில் எங்கள் புலம்பல்கள் எல்லாம் முடிந்து ஜெக்கரியா மைக் முன்னால் நின்றார்.

"விமானம் ஏத்தி விட்டது யாரு?
விலாசத்தை மறைச்சது யாரு?"

அதோடு வாயை மூடிக்கொண்டார். பந்தல் முழுக்க ஒரே குரலாகப் பதில் வந்தது: "நௌஷாத்து!"

அந்தச் சிந்தில் கேள்வி மட்டும்தான் ஜெக்கரியாவுடையது. பதிலைக் கேட்கிறவர்கள் பாட வேண்டும். ஆறு மாதமாகக் கடைத்தெருவில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது; ஒருநாள் அங்கே போய் நின்றிருந்தால் தலைவருக்குத் தெரிந்திருக்கும். தாளில் மட்டும் பாட்டைப் பார்த்த மேதை, பாடுகிறவன் வாயைக் கட்டினால் போதும் என்று நம்பிவிட்டார். பதினோரு கேள்வி, பதினோரு தடவை அந்தப் பெயர். பெண்கள் பக்கம்தான் சத்தம் அதிகம். மேடையில் இருந்த நாங்கள் முப்பது பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாயும் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் நௌஷாத் தானே தஹ்மீனா வீட்டுக்குப் போய் விலாசத்தைக் கொடுத்தான். கடையுமில்லை, ஒன்றுமில்லை, பாலைவனத்தில் ஓர் ஆட்டுப்பட்டி. தூதரகத்துக்கு மனு மேல் மனு போட்டு, எட்டு மாதத்தில் மீரா சாகிப் எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார். அதற்குள் மன்றம் ஜெக்கரியாவை நீக்கியிருந்தது. ஒதுக்கிய நேரத்துக்கு மேல் பாடிவிட்டாராம்.

இராஜாங்கம் சும்மா இருப்பாரா? 'மன்றத்தின் முயற்சியால் மீண்டவர்' என்று மீரா சாகிப் பெயரைப் போட்டு அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தார். எங்களையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். தஹ்மீனா வாசலிலேயே மறித்தாள். அழைப்பிதழை வாங்கிப் படித்துவிட்டுத் தலைவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நௌஷாத்துகூட இங்க வந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டுதான் நின்னாரு. உங்களுக்கு அதுகூட வரலையே! ஜெக்கரியா அண்ணன் உள்ள அவங்களோட உக்காந்து சாப்பிடுறாங்க. சத்தம் போடாம போயிடுங்க."