ரட் மீனின் கீழ்ச் சொண்டு

ஓய்வு பெற்ற கையோடு மீன்பிடி லைசென்ஸ் எடுத்தேன். மீன்களை அடையாளம் காணும் புத்தகத்தையும் மனப்பாடம் செய்தேன். தொண்ணூறுகளின் ஒரு கோடையில், லண்டன் ஹவுன்ஸ்லோ பக்கத்துக் குளமொன்றில் என் முதல் மீன் மாட்டியது. பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடவேண்டும் என்ற விதிப்படி கையை நனைத்துப் பிடித்து, “இது ரோச் மீன்” என்று மனைவியிடம் அறிவித்தேன்.

அவள் புத்தகத்தைப் புரட்டி, மீனின் உதட்டைக் காட்டினாள். “கீழ்ச் சொண்டு வெளியில நிக்குதெல்லோ. இது ரோச் இல்லையப்பா, ரட்.”

“முப்பது வருச வேலையில நான் ஒரு பிழை விட்டதில்லை.”

“ஓம், ஓம். நீங்கள் ஒத்துக்கொள்ளுறதுக்குள்ள மீன் செத்துப்போயிடும்.”

மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. “சரி, பிழைதான்” என்று சொல்லித் தண்ணீரில் விட்டேன். அது வாலை அடித்து மறைந்தது. மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பிழையை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்றே அதுவரை நம்பியிருந்தேன். அவள் மறுபடி அப்படிச் சிரிக்கட்டும் என்று, அடுத்த மீனுக்கு வேண்டுமென்றே பிழையான பெயர் சொன்னேன்.