ஷாக்கைத் தினமும் அளந்தேன்

ஆறு வாரம் அந்த மெக்கானிக்கைத் திருடன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் ஊர் பூண்டியின் டீக்கடையில் சொன்னேன். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்றும்போது சொன்னேன். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் ஊருக்கே தெரிந்தாக வேண்டும்.

விஷயம் என் மனைவியின் இடுப்பு. மூட்டை தூக்கி டிஸ்க் விலகிவிட்டது. வாரம் இரண்டு தடவை கொடைக்கானலுக்குப் போய் பிசியோதெரபி செய்ய வேண்டும், நடுவில் நிறுத்தினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வருகிற மண்பாதையில் நல்ல இடுப்புக்காரனே ஜீப்பில் உட்கார முடியாது. முதல் வாரம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எனக்கு அவள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காது. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

சுற்றுலாக்காரர்களைக் காட்டுப்பாதையில் கூட்டிப்போகிற ஜீப்புகளுக்குக் குலுக்கலைத் தாங்குகிற ஷாக் அப்சார்பர் மாட்டுகிறவன் ஒருவன் கொடைக்கானலில் இருந்தான். திண்டுக்கல்லிலிருந்து வந்து பட்டறை போட்டவன். அவனிடம் போனேன். பின்சக்கரம் இரண்டுக்கும் புது ஷாக் மாட்டினான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டம்ளர் அளவுக்கு உருளை. அதற்குள் ஒருபக்கம் எண்ணெய், மறுபக்கம் அழுத்தி அடைத்த நைட்ரஜன். அந்த அழுத்தம் இருந்தால்தான் குலுக்கலில் எண்ணெய் நுரைக்காமல் ஷாக் தாங்குமாம். அழுத்தம் காட்டும் கேஜில் முள் இருநூறைத் தொட்டதும் நிறுத்தி, மூடியை இறுக்கினான்.

"இந்த மூடிய மட்டும் தெறந்துராதீங்கண்ணே."

ஏன் என்று சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவன்மேல் எனக்குக் கோபம் உண்டு. காரணத்தைச் சொல்ல என்ன கேடு?

அன்று திரும்பும்போது மனைவி ஜீப்பிலேயே தூங்கிவிட்டாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். திறக்காதே என்றானே, அதுதான் மனதில் ஓடியது. திறந்தால் அவன் குட்டு வெளிப்பட்டுவிடும் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆன்லைனில் ஓஸ் குழாய் வைத்த கேஜ் ஒன்றை வரவழைத்தேன். அது வந்த மறுநாள் வெள்ளனே எழுந்து ஜீப்புக்கடியில் படுத்து மாட்டிப் பார்த்தால் நூற்றெண்பத்தாறு. அடப்பாவி! கண்முன்னாலேயே இருநூறு என்று காட்டி ஏமாற்றியிருக்கிறான். அடுத்த நாள் நூற்றெழுபத்துமூன்று. அதற்கடுத்த நாள் நூற்றறுபத்தொன்று. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டே வந்தேன்.

பத்து நாளில் நூறுக்குக் கீழே வந்துவிட்டது. மண்பாதையில் மனைவி மறுபடி அலறினாள். நேராகப் பட்டறைக்கு விட்டேன். அவன் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு தேடினான். ஒரு குமிழி இல்லை. தலையைச் சொறிந்தான்.

"யாராச்சும் மூடியத் தெறந்தாங்களாண்ணே?"

"எவன் தெறப்பான்?" என்று எரிந்து விழுந்தேன்.

கேஜைப் பற்றி மூச்சு விடவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க நினைப்பவன் கையில் இருப்பதைக் காட்டுவானா? அவன் திரும்ப நிரப்பினான், நான் திரும்ப அளந்தேன். மூன்று தடவை இப்படி நடந்தது. ஆறாவது வாரம் மனைவி ஜீப்பிலிருந்து இறங்கும்போது சொன்னாள்:

"இனிமே நான் வரலங்க. ஆபரேஷனே பண்ணிக்கிறேன்."

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கெஞ்சிக் கூத்தாடி, தலையணை வைத்து, அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சிகிச்சைக்கு அல்ல, சாட்சிக்கு. கேஜையும் காலண்டர் தாளையும் அவன் மேஜையில் வீசினேன்.

"ஏலே, பாரு! தெனமும் அளந்து வச்சிருக்கேன். இந்தப் பொம்பளயப் பாரு. உன்னாலதான் இவ ஆபரேஷன் கத்தியத் தேடிப் போறா!"

அவன் கேஜைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மனைவி சீட்டிலிருந்தபடியே கையை நீட்டித் தாளைக் கேட்டு வாங்கினாள். மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள்.

"பழனிக்குப் போயி நாலு நாள் தங்குனீங்களே, அது இந்த எடந்தான?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அந்த நாலு நாளும் சேத்தே பதினொன்னுதான் கொறஞ்சிருக்கு. மத்த நாள்ல தெனத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு கொறஞ்சிருக்கு. நீங்க பாக்காத நாள்ல அது கொறையவே இல்லங்க."

மெக்கானிக் ஷாக்கை இருநூறுக்கு நிரப்பினான். என் கேஜை மாட்டினான். நூற்றெண்பத்தாறு. கழற்றி மறுபடி மாட்டினான். நூற்றெழுபத்துமூன்று.

"இந்த ஓஸுக்குள்ள போற காத்து எங்கருந்துண்ணே வருது? உருளையிலருந்துதான? கழட்டுனதும் அது வெளிய போயிருது. டயர்ல கெடக்குற காத்துக்கு இது ஒண்ணுமில்ல. இந்த உருளை டம்ளர் அளவுதான. நீங்க பாக்கப் பாக்கப் போயிரும்."

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்று கத்தினேன். வேறு எதைச் சொல்லிக் கத்துவது?

அவன் இரண்டையும் இருநூறுக்கு ஏற்றி மூடியை இறுக்கிவிட்டு, பட்டறைக்குப் பின்னாலுள்ள உடைந்த ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். நான் சாவியை எடுத்தேன்.

"சாவிய அவருகிட்டக் குடுங்க. நானும் கூடப் போயிட்டு வாரேன்" என்றாள் மனைவி.

"எதுக்கு? நான் ஓட்டுறேன்."

"நான் கத்துனப்பல்லாம் இந்தத் தம்பியத் திட்டிக்கிட்டே இன்னும் வெரசாத்தான் ஓட்டுனீங்க. ஒரு தடவயாச்சும் மெதுவாப் போனீங்களா? பின்னால ஏறுங்க."

ஏறினேன். என் ஜீப்பின் பின்சீட்டில் அதற்கு முன் நான் உட்கார்ந்ததே இல்லை. முதல் குழி வந்ததும் அவன் கியரை இறக்கி, சக்கரத்தை மெல்ல இறங்கவிட்டான்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல தம்பி."

அடுத்த குழியிலும் கேட்டான். ஆறு வாரத்தில் நான் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. ஷாக்கில் நைட்ரஜன் நிரம்பியிருக்கிறது, அதனால்தான் வலிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மறுபடி கோபம்தான் வந்தது. அதைக் காட்ட அந்த ஜீப்பில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.