நெற்றுக்குப் பூசிய தங்கம்

எல்லாருக்கும் அவர் நெத்தக்காதான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். பூச்சந்தையில் குப்பை கூட்டிய கைதான் இன்று சொந்தக் கடையின் ஷட்டரைத் தூக்குகிறது. மற்றவர்கள் தள்ளிவிட்ட காய்ந்த தாமரைக்காயையும் வாகை நெற்றையும் பூங்கொத்தில் செருகி, அதற்கென்றே ஆட்களைத் தேடிவர வைத்தவர். 'நெத்து' அக்கா என்ற பெயரும் அப்படி வந்ததுதான். இல்லை, வேறு யாரோ முதலில் செய்தது என்பவர்கள் நேரில் வந்து சொல்லட்டும், பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்டவரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். "பெரியம்மா, என் கையில உங்க கொத்துதான் இருக்கணும்" என்று கேட்டிருந்தாள். வாய் திறந்து எதையுமே கேட்காத பெண். நெத்தக்கா ஒவ்வொரு நெற்றையும் காதோரம் குலுக்கி, உள்ளே விதை கலகலத்தால்தான் எடுத்தார். எண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். பேருக்கு நாலு வெள்ளைப் பூ, மற்றதெல்லாம் நெற்று.

மணப்பெண் அறையில் கொத்தை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வந்தால் அது தகதகவென்று மின்னுகிறது! பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா, கையில் தங்கநிற ஸ்பிரே டப்பாவோடு.

"யாரு பண்ண வேலை இது?"

"நான்தான் சம்பந்தி. காஞ்சு கருவாடா கெடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா பொண்ணு கையில சருகையா குடுக்கறது? இப்பப் பாருங்க, எப்படி இருக்கு!"

நெத்தக்காவுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. "அப்படியே உங்க பையன் மூஞ்சிக்கும் ரெண்டு தடவ அடிச்சிருக்கலாமே! அதுவும் சுமாராத்தானே இருக்கு?"

"பெரியம்மா!" மணப்பெண் அலறினாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

தங்கை ஓடிவந்து கையைப் பிடித்தாள். "விடுக்கா, சம்பந்தி மனசு கோணிடப் போகுது. ஒரு ரோஜாக் கொத்து வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"என் மனசு கோணலாமாடி? நான் என்ன கடையில மிச்சம் விழுந்ததையா அள்ளிட்டு வந்தேன்?"

சம்பந்தி இதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "போட்டோவுக்கு இதுதான் எடுப்பு" என்று கொத்தைத் தூக்கினார். தூக்கிய கையெல்லாம் தங்கம். அது தெரியாமல், வாசலில் வந்து நின்ற மகனின் கறுப்புக் கோட்டைத் தட்டிச் சரிசெய்தார். தோளில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்தன.

நெத்தக்காவுக்குச் சட்டென்று உறைத்தது. எண்ணெய் ஊறிய நெற்றில் எந்தப் பெயின்ட் ஒட்டும்? கொத்தைப் பிடுங்கி, பையிலிருந்த துணியால் ஒரே இழுப்பு. தங்கம் வழித்துக்கொண்டு வந்தது. அடியில் அவர் ஏற்றிய பழுப்பு மெருகு அப்படியே இருந்தது. பெயின்ட் குடித்த பூக்கள்தான் போயின. அவற்றைப் பிய்த்து, சம்பந்தியின் காலடியிலேயே போட்டார்.

மணப்பெண் கொத்தை வாங்கிக் காதோரம் குலுக்கினாள். கலகலத்தது. அதை ஏந்திக்கொண்டுதான் மேடை ஏறினாள்.

மன்னிப்பா? யாரும் கேட்கவில்லை. நெத்தக்காவும் மறக்கவில்லை. அந்தக் கல்யாண போட்டோ, மாப்பிள்ளை தோளில் ஐந்து விரலும் பக்கத்தில் அவன் அம்மாவுமாக, கடைச் சுவரில் தொங்குகிறது. நெற்றுக்குப் பெயின்ட் அடித்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு அதைத்தான் காட்டுவார்.

"அந்தம்மா அடிச்சுக் குடுப்பாங்க, அங்க போங்க."