சுதி இறங்கிய பெட்டி

எங்கள் கல்யாணக் கச்சேரிக் குழுவில் எரியோடு ஊர்க்காரர் ஒருவர் கொஞ்ச நாள் இருந்தார். கடையில் வாங்கிய கீபோர்டு என்றாலே அவருக்கு இளக்காரம். கரண்டில் சுதி எழுப்பும் சின்தசைசர் ஒன்றைத் தானே கட்டியிருந்தார். பீரோ அகலத்துக்கு மரப்பெட்டி, அது நிறையத் திருகும் குமிழ்கள், இடியாப்பம் மாதிரி வயர்கள். சுவிட்சைப் போடுமுன் பெட்டியை ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். எது கருகினாலும் மூக்குக்குத்தான் முதலில் தெரியுமாம். மூன்று வருடமாகக் கட்டியும் மேடையேறுமுன் அதில் அவர் ஒரு பாட்டை முழுதாக வாசித்து நான் கேட்டதில்லை. பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை.

நச்சரிப்பு தாங்காமல் சித்தையன்கோட்டைக் கல்யாணத்தில் வாசிக்கவிட்டோம். முதல் பாட்டு முடிந்ததும் கரண்டு போனது. ஜெனரேட்டரில் இரண்டாவது பாட்டைத் தொடங்கினோம். பாதியில் பெட்டியின் சுதி மெல்ல இறங்கியது. பாடிய பெண் அதன் பின்னாலேயே இறங்கிப் பார்த்து, முடியாமல் அழுதுவிட்டாள். மண்டபமே சிரித்தது.

"அண்ணே, மானத்த வாங்கிட்டீங்களே!" என்றேன்.

அவர் குனிந்து பெட்டியிலிருந்த வோல்டேஜ் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வோல்டேஜு இறங்க இறங்கச் சுதியும் இறங்குது அப்பு. எம்புட்டு கரெக்டா இறங்குது பாத்தியா!"

அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அத்தனை பேர் சிரித்தபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷம்தான் இன்றுவரை விளங்கவில்லை.