துண்டுக்குள் மரத்த விரல்

உறையூர் அழகிரி மணப்பாறை மாட்டுச் சந்தையில் பேர்பெற்ற தரகர். பல்லைப் பிடித்து, சுழி பார்த்து, சாணியைக்கூடக் கிளறிப் பார்த்துத்தான் மாட்டுக்கு விலை பேசுவார். தன் உடம்பை மட்டும் அப்படிப் பார்த்ததில்லை. மணிக்கட்டு வீங்கினால் வாதம், ஓயாமல் தாகம் எடுத்தால் வாதம், விரல் மரத்தால் அதுவும் வாதம். பழியைச் சுமக்க ஒரே நோய் போதுமாக இருந்தது. லால்குடி வைத்தியர் தந்த வெல்ல லேகியத்தை ருசிக்காகவே ஓர் உருண்டை கூடுதலாக விழுங்குவார்.

அந்தச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்குபவர் துண்டுக்குள் தரகரின் விரல்களைப் பிடிப்பார்; விரலுக்குப் பத்து ரூபாய். தரகர் அதை விற்பவர் காதில் போடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், பிச்சமுத்துவின் காளைக்குத் தாஜுதீன் ஐந்து விரலையும் பிடித்தார். அழகிரிக்கு நான்குதான் தெரிந்தது. நாற்பது என்று போய்ச் சொன்னார், பேரம் முறிந்தது. சாயந்திரம் மற்ற இருவரும் பேசிக்கொண்டபோது விஷயம் வெளியே வந்தது.

"பாய் அம்பது பிடிச்சாராம். நடுவுல பத்து ரூபா யாரு மடிக்குப் போக இருந்துச்சு?" என்று பிச்சமுத்து ஊர் கேட்கக் கேட்டார்.

திருடன் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த சந்தையில் ஒருவரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நேர்மையை வைத்துப் பிழைத்த மனுஷர் அவமானத்தில் குன்றிப்போனார்.

விரலைக் காட்டப் புத்தூர் டாக்டரிடம் போனார். அவர் லேகியம் வரை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதா?" என்றார்.

"மொய்க்குதுங்க. அதுவும் வாதந்தானே?"

"அது நீரிழிவு. ஒங்க ஒடம்புல ரெண்டு வியாதி குடியிருக்கு. ஒண்ணு வலிக்குது, இன்னொண்ணு மரத்துப்போக வைக்குது. மொதல்ல அந்த லேகியத்தை நிறுத்துங்க."

அடுத்த சந்தையன்று அழகிரி இருவரிடமும் இதைச் சொன்னார். விலைபோகாத காளையைப் பிடித்தபடி பிச்சமுத்து நம்பியும் நம்பாமலும் நின்றார். தாஜுதீன் துண்டை எடுத்து அழகிரியின் கைமேல் போட்டார். விரலைத் தொடவில்லை, வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தார்.

"இங்க அமுக்கினா தெரியுமாண்ணே?"

"உசிரே போவும் பாய்."

"அப்பத் தப்பாது."

துண்டுக்குள் ஐந்து முறை வலித்தது. அழகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிச்சமுத்துவின் காதில் ஐம்பது என்றார். பிச்சமுத்து காளையின் கயிற்றை அவர் கையிலேயே கொடுத்தார்.